நீ எந்தத் திண்ணையில உக்காந்த?

போன வருஷம் நவம்பர்ல மலேசியாவுல பினாங்குல இருந்து ஒரு போட்டோ எங்க குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல போட்டேன். பழைய சீனக் கடைவீடு, முன்னாடி தூண் வெச்ச நடை, தரையில பச்சையும் மஞ்சளுமா பூப்போட்ட டைல்ஸ், ஒரு சிவப்பு பிளாஸ்டிக் ஸ்டூல், அதுமேல நான். வெளிய மழை கொட்டுது. கீழ ஒரே ஒரு வரி எழுதினேன், "நம்ம ஊர் திண்ணை ஞாபகம் வந்துடுச்சு"ன்னு. சித்தப்பா பையன் ஹார்ட் போட்டான், அத்தை ரெண்டு கைகூப்பு போட்டாங்க (அத்தைக்கு எல்லாமே கைகூப்புதான், பொறந்தநாளுக்கும் அதான், சாவு சேதிக்கும் அதான்). ஒரு மணி நேரம் கழிச்சு அம்மாகிட்ட இருந்து ஒரு வாய்ஸ் நோட், குரூப்ல இல்ல, தனியா. நாலு செகண்டு. "ஏன் தம்பி, நீ எந்தத் திண்ணையில உக்காந்த?"

நான் அவங்க இடம் கேக்குறாங்கன்னு நெனச்சு, "பினாங்குல மா, கிம்பர்லி ஸ்ட்ரீட் பக்கம்"னு பதில் போட்டேன். அடுத்த நோட் வந்துச்சு. "அது தெரியுது. நம்ம ஊர் திண்ணைன்னு எழுதியிருக்கியே, அது எந்தத் திண்ணைன்னு கேட்டேன்." குரல்ல கோபம் எல்லாம் இல்ல. கரண்ட் பில் கட்டிட்டியான்னு கேக்குற அதே குரல்தான். ஆனா எனக்கு பதில் இல்ல, யோசிச்சுப் பாத்தா நெஜமாவே இல்ல. நான் வளந்தது தாம்பரத்துல ஒரு லைன் வீட்டுல, வாசல்ல ஒரு படி, படிக்கு கீழ சாக்கடை. லீவுக்கு அம்மா ஊருக்குப் போனா அங்க தாத்தா வீடு கூரை வீடு, அதுக்கும் திண்ணை கிடையாது. அப்ப என் ஞாபகத்துல உக்காந்திருக்கிற அந்த வழவழன்னு சிமெண்ட்டு திண்ணை, மரத்தூணு, வெத்தலைப் பெட்டி, இதெல்லாம் யாரோடது?

இப்போ திருவாரூர் பக்கம் ஒரு மனை வாங்கி வீடு கட்டிட்டு இருக்கோம், வாசல்ல திண்ணை வேணுமா வேணாமான்னு பிளான் ரெண்டு மாசமா நிக்குது, அதனாலதான் இந்தக் கதையை எழுதியே தீர வேண்டியதாப் போச்சு.

பயணத்தையே சொல்லிடுறேன். சிங்கப்பூர்ல இறங்கி, பஸ்ல மலாக்கா, அங்கிருந்து ஈப்போ, ஈப்போவுல இருந்து ட்ரெயின்ல பட்டர்வொர்த், ஃபெர்ரி ஏறி பினாங்கு, கடைசியா தாய்லாந்துல ஹாட்யாய் வழியா வேன்ல புக்கெட். மொத்தம் பதினாறு நாள். எனக்கு மியூசியம் எல்லாம் பெருசா ஒட்டாது, நடக்குறதுதான் புடிக்கும். நடந்தா முதல்ல கண்ணுல படுறது கோபுரமோ மாடமோ இல்ல, கால் வைக்கிற இடம்தான். அந்த ஊர்கள்ல பழைய டவுன் பகுதியில கால் வைக்கிற இடம் ஒரே மாதிரி இருக்கும். வரிசையா ஒட்டி ஒட்டி கட்டின கடைவீடு, கீழ கடை மேல குடியிருப்பு, மாடி தெருப்பக்கம் முன்னாடி தள்ளி தூண்மேல நிக்கும், அதுக்கு அடியில ஒரு நடை. ஒரு வீட்டு நடை முடியுற இடத்துல அடுத்த வீட்டு நடை. ஆனா ஒவ்வொரு வீட்டுக்காரனும் அவன் இஷ்டத்துக்கு தரை போட்டிருப்பான், ஒருத்தன் அரை அடி ஒசத்தி, அடுத்தவன் பள்ளம், ஒருத்தன் மொசைக்கு, ஒருத்தன் வெறும் சிமெண்ட்டு. போனைப் பாத்துக்கிட்டே நடந்தா மூக்கு உடையும். முதல் நாளே எனக்கு கட்டைவிரல் நகம் போச்சு.

சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவுல அந்த நடை முழுக்க காய்கறிப் பெட்டியும் பூமாலையும். மலாக்காவுல ஜோங்கர் ஸ்ட்ரீட்ல சனிக்கிழமை ராத்திரி போயிட்டேன், நடையும் தெரியல தெருவும் தெரியல, கூட்டம்தான், அதுல பொம்மை ஜோடிச்ச சைக்கிள் ரிக்‌ஷா ஒண்ணு ஸ்பீக்கர்ல பாட்டு அலற அலற கடந்து போகுது, நமக்கு சரிப்படாதுன்னு மறுநாளே கிளம்பிட்டேன். ஈப்போ அமைதி. கிந்தா ஆத்துக்கு இந்தப் பக்கம் பழைய டவுன், அந்தப் பக்கம் புது டவுன், காலையில பத்து மணிக்கு முன்னாடி போனா நடையில வயசானவங்க பேப்பர் படிச்சிட்டு ஒயிட் காபி குடிச்சிட்டு இருப்பாங்க. ஊருக்கு ஒதுக்குப்புறமா புந்தோங்னு ஒரு இடம், அங்க கச்சாங் பூத்தே வறுக்குற தமிழ்க் குடும்பங்கள் இருக்கு, அதாவது கடலை, பட்டாணி, முறுக்கு, பக்கோடா வகையறா. எட்டயபுரம் பக்கத்துல இருந்து வந்தவங்களாம். அரைக்கிலோ வாங்கினேன், பினாங்கு போய்ச் சேர்றதுக்குள்ள ட்ரெயின்லயே காலி.

அஞ்சடி

இந்த நடைக்கு தமிழ்ல என்ன பேருன்னு எனக்குத் தெரியாது. நான் பாட்டுக்கு வராண்டா வராண்டான்னு சொல்லிட்டு இருந்தேன். பினாங்குல சூலியா தெருவுக்குப் பக்கத்துல ஒரு ஒட்டுக்கடை, தே தாரிக் (அங்கத்து நுரை டீ) ஆத்துற அக்கா, "பசியாறியாச்சா தம்பி?"ன்னு கேட்டாங்க, மலேசியாவுல தமிழ் ஆளுங்க சாப்பிட்டியான்னு கேக்குறது இப்படித்தான், எனக்கு அந்த வார்த்தை கேட்டதுமே பாதி பசி போயிடும். எங்க உக்காரலாம்னு கேட்டேன். "அஞ்சடியில உக்காருங்க, வெயில் வராது"ன்னாங்க. என்னதுன்னு மறுபடி கேட்டேன். "அஞ்சடி லா, அஞ்சடி"ன்னு கையைக் காட்டினாங்க, இது கூட தெரியாதான்னு ஒரு பார்வை வேற.

மலாய்ல காக்கி லீமா. காக்கின்னா கால், அடின்னும் அர்த்தம், லீமான்னா அஞ்சு. ஹொக்கியன் சீனத்துல கோ காகி, புக்கெட் போனப்ப அங்கயும் அதே சீன வார்த்தையைத்தான் லேசா நெளிச்சு ஙோ காகின்னு சொன்னாங்க. எல்லார் வாயிலயும் அஞ்சு அடிதான். டேப் வெச்சு அளந்தா சில இடத்துல ஏழு எட்டு கூட வரும், அது வேற விஷயம். இந்தோனேசியாவுல இன்னும் வேடிக்கை, அங்க காக்கி லீமான்னா நடையே இல்ல, தள்ளுவண்டி வியாபாரி. வண்டிக்கு ரெண்டு சக்கரம், முட்டுக்கட்டை ஒண்ணு, தள்ளுறவனுக்கு ரெண்டு கால், ஆக மொத்தம் அஞ்சு கால்னு அவங்க கணக்கு சொல்வாங்க. நடையில கடை போட்டவன் பேரு நடையோட பேரையே முழுங்கிடுச்சுன்னு எனக்குத் தோணுது.

பினாங்கு அஞ்சடி ஒவ்வொண்ணும் ஒரு உலகம். சிவப்பு பெயிண்ட் அடிச்ச சின்ன மாடம் ஒண்ணு தரையோட தரையா இருக்கும், பூமி சாமிக்கு, ஊதுபத்தி புகைஞ்சுக்கிட்டு ஆரஞ்சுப் பழம் ரெண்டு. வானத்து சாமிக்கு தூண்ல தகர டப்பா மாதிரி ஒண்ணு மாட்டியிருக்கும், அதுலயும் பத்தி. வெயிலுக்கு மூங்கில் தட்டி தொங்கும், அதுமேல கடை பேரு பெயிண்ட்ல. சுத்தி மோட்டார் பைக், கேஸ் சிலிண்டர், மீன் தொட்டி, துணி காயப்போட்ட கம்பி, பேத்தியோட சைக்கிள், ஒரு பூனை, பூனைக்கு ஒரு கிண்ணம். நடந்து போறவன் நாலு வீட்டுக்கு ஒருதரம் தெருவுல இறங்கி கார் வருதான்னு பாத்து மறுபடி ஏறணும். முதல் ரெண்டு நாள் எனக்கு செம கடுப்பு. இடத்தைக் குடுத்தா மடத்தைப் புடுங்குறதுன்னா இதான்னு மனசுக்குள்ள திட்டிக்கிட்டேதான் நடந்தேன். சூலியா தெரு, கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல், நாகூர் தர்கான்னு நம்ம ஆளுங்க இருநூறு வருஷத்துக்கு முன்னாடியே வந்து கால் பதிச்ச தெருவுல நான் கால் வைக்க இடம் இல்லாம தடுமாறிட்டு இருந்தேன்.

மழை

மூணாவது நாள் சாயங்காலம் நாலு மணி இருக்கும். அங்க மழை தூறல்ல ஆரம்பிக்கிறதே இல்ல, பக்கெட்டைக் கவுத்த மாதிரி ஒரே அடி. ஓடிப்போய் பக்கத்துல இருந்த அஞ்சடியில ஏறினேன். ரெண்டு நிமிஷத்துல அந்த நடையில ஏழெட்டு பேர். முக்காடு போட்ட ஒரு மலாய் அம்மா கையில மீன் பையோட, பள்ளிக்கூடப் பசங்க ரெண்டு பேர், ஹெல்மெட்டைக் கழட்டாமயே நிக்கிற ஒரு டெலிவரிப் பையன் (பாக்க பங்களாதேஷ்காரர் மாதிரி இருந்தார்), ஒரு வெள்ளைக்கார ஜோடி, நான். யாரும் யாரையும் பாத்து ஒண்ணும் சொல்லல, வீட்டுப் பக்கம் திரும்பி அனுமதியும் கேக்கல, அப்படியே நின்னாங்க, பஸ் ஸ்டாப்ல நிக்கிற மாதிரி. எனக்குத்தான் உள்ளுக்குள்ள ஒரு கூச்சம். ஏன்னா பின்னாடி இரும்பு கிரில் கதவு திறந்து கெடக்கு, உள்ள டிவி ஓடுது, பனியன் போட்ட ஒரு சீனத் தாத்தா சோபாவுல சாய்ஞ்சு எங்களைப் பாத்துட்டு இருக்கார். அடுத்தவன் வீட்டு வாசல்ல நிக்கிறோமேன்னு நான் மெதுவா தூண் ஓரமா நகர்ந்தேன், பாதி தோள் நனையுது.

தாத்தா எழுந்து வந்தார். திட்டப் போறார்னுதான் நெனச்சேன். உள்ள அடுக்கி வெச்சிருந்த பிளாஸ்டிக் ஸ்டூல்ல இருந்து மூணை உருவிட்டு வந்து, ஒண்ணு மீன் பை அம்மாவுக்கு, ஒண்ணு எனக்கு, ஒண்ணுல அவரே உக்காந்துட்டார். "டூடோக், டூடோக்"னு எனக்கு ஸ்டூலைக் காட்டி சொன்னார், உக்காருன்னு அர்த்தம். அதுக்கப்புறம் ஒரு வார்த்தை பேசல. எந்த ஊரு, என்ன ஆளு, எதுக்கு வந்த, ஒண்ணும் இல்ல. முக்கால் மணி நேரம் நாங்க எல்லாரும் மழையை டிவி பாக்குற மாதிரி பாத்துக்கிட்டு இருந்தோம். நடுவுல ஒரு தடவை காத்து அடிச்சு சாரல் உள்ள வந்தப்ப மூங்கில் தட்டியை இறக்கி விட்டார். டெலிவரிப் பையன்கிட்ட போட்டோ எடுக்கச் சொன்னேன். அந்தப் போட்டோதான் குரூப்ல போனது.

அன்னிக்கு ராத்திரி அம்மாவுக்கு போன் போட்டேன். "எதுக்கும்மா அப்படிக் கேட்ட?" "சும்மாதான் கேட்டேன். போட்டோ நல்லாருக்கு." விடல நான். கொஞ்ச நேரம் சுத்தி வளைச்சு தங்கச்சி மாமியார் கதை எல்லாம் பேசிட்டு அப்புறம் சொன்னாங்க. எழுபதுகள்ல அவங்க ஹைஸ்கூலுக்குப் போறப்ப பக்கத்து ஊருக்கு மூணு கிலோமீட்டர் நடக்கணும். நேரா போனா ஒரு தெரு வழியா போகணும், ரெண்டு பக்கமும் ஓட்டு வீடு, வீட்டுக்கு வீடு திண்ணை. அந்தத் தெரு வழியா இவங்க தெருப் பிள்ளைங்க போகக்கூடாதுன்னு யாரும் போர்டு வெக்கல, ஆனா போக மாட்டாங்க. வாய்க்கா மேட்டுல சுத்திப் போவாங்க. மழை வந்தா புளியமரம். "நோட்டை பாவாடைக்குள்ள சுருட்டிக்கிட்டு மரத்தடியில நிப்போம், அந்தத் தெரு திண்ணை எல்லாம் காலியா கெடக்கும், அது நல்லா தெரியும் அங்கேர்ந்து. மழைக்குக்கூட பள்ளிக்கூடம் பக்கம் ஒதுங்காதவன்னு திட்டுவாங்கல்ல? எங்களுக்கு மழைக்கு ஒதுங்க பள்ளிக்கூடம் மட்டுந்தான் இருந்துச்சு"ன்னு சொல்லி சிரிச்சாங்க. எனக்கு சிரிப்பு வரல. முப்பத்தெட்டு வயசுல அம்மாவோட பள்ளிக்கூட வழியை முதல்தடவையா கேக்குறேன், அதுவும் ரெண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல தள்ளி ஒரு ஹாஸ்டல் படுக்கையில, மேல் படுக்கையில ஒருத்தன் குறட்டை விடுறான்.

அப்பதான் உறைச்சுது. என் திண்ணை ஞாபகம் நான் வாழ்ந்த ஞாபகம் இல்ல, படிச்ச ஞாபகம், பாத்த ஞாபகம். தீபாவளி மலர் கட்டுரையில, சினிமா முதல் சீன்ல, செட்டிநாடு ரிசார்ட் விளம்பரத்துல எல்லாம் வழிப்போக்கன் வந்து படுக்குற திண்ணை, மோர் குடுக்குற திண்ணைன்னு கேட்டு கேட்டு எனக்கும் ஒண்ணு இருந்த மாதிரியே ஆயிடுச்சு. வழிப்போக்கன்னா எந்த வழிப்போக்கன்னு நான் கேட்டதே இல்ல. எல்லா ஊர்லயும் எல்லாத் திண்ணையும் அப்படித்தான்னு சொல்ல வரல, நல்ல மனுஷங்க வீட்டுத் திண்ணையும் இருந்திருக்கும். ஆனா அங்க உக்காரலாமா கூடாதான்னு முடிவு பண்றவன் வீட்டுக்காரன், அவன் மனசுதான் சட்டம்.

அஞ்சடி அப்படி இல்ல. அது யாரோட நல்ல மனசாலயும் வந்தது இல்ல, உத்தரவுல வந்தது. 1822 நவம்பர்ல ராஃபிள்ஸ்னு வெள்ளைக்கார அதிகாரி சிங்கப்பூருக்கு நகரத் திட்டம் போடச் சொன்னப்ப, வீடு கட்டுறவங்க தெருப் பக்கம் இவ்வளவு அகலத்துக்கு கூரையோட நடை விடணும், அது எந்நேரமும் திறந்தே இருக்கணும், தெருவோட ரெண்டு பக்கமும் விட்டுப் போகாம தொடர்ந்து வரணும்னு எழுதி வெச்சார். அந்த வழக்கம் அப்படியே மலாயா ஊருக்கெல்லாம் பரவுச்சு. இடம் உன்னுது, கூரை உன்னுது, தரை உன்னுது, ஆனா நடக்குறவனைத் தடுக்க முடியாது. இதுக்காக ராஃபிள்ஸை தூக்கி வெச்சு ஆடவும் எனக்கு மனசில்ல, அதே திட்டத்துலதான் வெள்ளைக்காரனுக்கு ஒரு பகுதி, சீனருக்கு ஒரு பகுதி, சூலியாக்களுக்கு, அதாவது நம்ம தென்னிந்திய ஆளுங்களுக்கு, ஒரு பகுதின்னு ஊரையே கூறு போட்டாங்க. மேல ஊரைப் பிரிச்சவன் கீழ நடையைச் சேத்து வெச்சிருக்கான், என்னத்தச் சொல்ல. நடையும் சும்மா கிடைச்சிடல. கடைக்காரங்க சரக்கை பரப்பி வெச்சு அடைச்சாங்க, முனிசிபாலிட்டி காலி பண்ணச் சொல்லுச்சு, 1888 பிப்ரவரியில சிங்கப்பூர்ல கடை எல்லாம் அடைச்சு கலவரமே ஆயிடுச்சு, ட்ராம் வண்டி மேல கல்லு விழுந்துச்சு. அப்ப நான் பாத்து கடுப்பான அந்த கேஸ் சிலிண்டருக்கும் மோட்டார் பைக்குக்கும் நூத்து முப்பது வருஷத்துக்கு மேல வரலாறு இருக்கு.

மறுநாள்ல இருந்து என் கண்ணு வேற மாதிரி ஆயிடுச்சு. பைக்கு மேல கோபம் வரல, அதை சுத்தி நடந்துடலாம். வேற ஒண்ணு மேலதான் வந்துச்சு. பினாங்குல பழைய வீடுகளுக்கு இருந்த வாடகைக் கட்டுப்பாடு 2000 ஜனவரியோட முடிஞ்சதும் வாடகை ஏறி பல குடும்பம் காலி பண்ணிப் போச்சு, 2008ல யுனெஸ்கோ பட்டியல்ல ஊர் பேரு வந்துச்சு, 2012ல தெருவோவியம் வந்துச்சு, இப்போ பல கடைவீடு அழகான சின்னச் சின்ன ஹோட்டல். அதுல ஒரு ஹோட்டல் வாசல்ல அஞ்சடியோட ரெண்டு முனையிலயும் பெரிய பெரிய பூந்தொட்டி, நடுவுல கூடை நாற்காலி. நான் தொட்டிக்கு இடையில நுழைஞ்சேன், வாட்ச்மேன் மரியாதையாத்தான் கேட்டார், "கெஸ்ட்டா சார்?" இல்லன்னேன். கையால தெருவைக் காட்டினார். இறங்கினேன். தொட்டி அழகு, டைல்ஸ் அழகு, எல்லாம் அழகு. அந்த அழகைப் பாத்தா எனக்கு எங்க ஊர் நாஸ்டால்ஜியா ஞாபகம் வந்துச்சு, இந்தத் தடவை சரியான அர்த்தத்துல.

புக்கெட் டவுன்ல தலாங் ரோட்டுல இன்னொரு பாடம். அங்க ஒரு காலத்துல பல வீட்டுக்காரங்க ஙோ காகியை சுவர் வெச்சு அடைச்சு வீட்டோட சேத்துக்கிட்டாங்க, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா திறந்து விட்டிருக்காங்க. திறந்த பக்கம் வளைவுக்குள்ள வளைவு வளைவா கண்ணுக்கு எட்டுற தூரம் வரைக்கும் தெரியும், நிழல்லயே நடந்து போகலாம். பக்கத்துத் தெருவுல நடுவுல ஒரே ஒரு வீடு அடைச்சிருக்கு, அவ்ளோதான், பத்து வீட்டு நடையும் வேஸ்ட், யாரும் ஏறுறதே இல்ல, எல்லாரும் வெயில்லயே போறாங்க.

பினாங்குல கிளம்புற அன்னிக்கு தாத்தா வீட்டுப் பக்கம் போனேன், ஈப்போ கடலை மிச்சம் இருந்திருந்தா குடுத்திருக்கலாம், இல்ல, ஒரு பாக்கெட் பிஸ்கெட் வாங்கிட்டுப் போனேன். கிரில் பூட்டியிருந்துச்சு. ஸ்டூல் வெளியவே கெடந்துச்சு, அதுல பூனை. அம்மாவுக்கு வீடியோ கால் போட்டு காட்டினேன். அவங்க பூனையைப் பாக்கல, தாத்தாவைக் கேக்கல, "தரையை காட்டு"ன்னாங்க. காட்டினேன். "மழையில வழுக்காதா?" வழுக்கல மான்னேன். "இன்னும் கிட்ட காட்டு."

அதுக்கப்புறம் எட்டு மாசம் ஆச்சு. இன்ஜினியர் போட்ட பிளான்ல முன்னாடி ரெண்டு பக்கமும் திண்ணை, நடுவுல படி, ஆத்தங்குடி டைல்ஸ், இப்ப அதுதான் ஃபேஷனாம். போன ஞாயித்துக்கிழமை மனையில நின்னுக்கிட்டு அம்மா அந்த பேப்பரை மடிச்சு கொத்தனார் கையில குடுத்து, "திண்ணை வேணாம்ப்பா. காம்பவுண்டு சுவத்துக்கு வெளிய தெருப்பக்கம் ஒரு தகரம் நீட்டி விடு, பஸ்ஸுக்கு நிக்கிறவங்க மழைக்கு ஒதுங்குவாங்க"ன்னாங்க. எங்க மனை எதுத்தாப்புலதான் பஸ் நிக்கும். கொத்தனாருக்குப் புரியல, காம்பவுண்டுக்கு வெளியவா, யாரு ஒதுங்குறதுக்கு, உங்க காசுலயான்னு என் மூஞ்சியைப் பாத்தார். எவ்வளவு நீட்டணும்னு கேட்டார். அஞ்சடின்னு சொல்லிட்டேன். "அஞ்சடி விட்டா ரோட்டுக்கு வந்துடும் தம்பி, பஞ்சாயத்துல நோட்டீஸ் குடுப்பான்"னார். அப்ப சுவத்தை உள்ள தள்ளிக் கட்டுன்னாங்க அம்மா. அஞ்சடி மனை போயிடும்மா, செண்ட்டு என்ன விலைன்னு தெரியுமான்னு நான் கேட்டேன், ஆமா, நான்தான் கேட்டேன். அம்மா கொஞ்ச நேரம் என்னையே பாத்துட்டு, கொத்தனார் பக்கம் திரும்பி, "சரி, நாலு போடு"ன்னாங்க.